பம்பாய் என்னும் படைவீரர்



விக்டோரியா ஏரியைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேர்வில் கேட்டால், 'ஸ்பீக்' என்று ஒரே சொல்லில் விடை எழுதிப் பழகியவர்கள் நாம். அவ்விடையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டவர்களுள் நானும் ஒருவன். ஒருநாள் பிற்பகல் வகுப்பில் ஆப்பிரிக்கப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, வழக்கம்போல் அப்பாடத்தை நடத்திக் கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த ஏரிக்கரையில் அதற்கு முன் ஊர்களே இல்லையா?" என்று கேட்டான். "ஏன் இல்லை? நிறைய இருந்தன" என்றேன். "அப்படியானால் அவர் அந்த ஊராரிடம் எந்த மொழியில் வழி கேட்டார், ஐயா?" என்றான்.

அன்று என்னிடம் விடை இல்லை. நாளை சொல்கிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன். நாளை என்றது பல மாதங்கள் ஆயிற்று. பழைய பயண நூல்களைத் தேடிப் பிடித்துப் படித்த பிறகு கிடைத்த விடை எனக்கே வியப்பளித்தது. அவர் வழி கேட்டது இந்துஸ்தானி மொழியில்! ஆப்பிரிக்கக் கண்டத்தின் நட்டநடுவே நம் நாட்டு மொழியொன்றில் கேட்டார். அதைப் புரிந்து கொண்டு, ஊராருக்கு விளங்கும் மொழியில் மாற்றிச் சொன்னவர் ஓர் ஆப்பிரிக்கப் படைவீரர். சீதி முபாரக் பம்பாய் என்பது அவர் பெயர். அவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

'பம்பாய்' என்பது ஒரு மனிதரின் பெயரா என்று நீங்கள் நகைக்கலாம். பெயருக்குள்ளேயே அவர் வரலாறு அடங்கியிருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கிந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்களைச் சீதிகள் என்று அழைத்தனர். அவர்களுள் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்; சிலர் படைத்தலைவர்களாகவும் அமைச்சர்களாகவும் உயர்ந்தனர். அபிசீனியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, அகமதுநகர் அரசின் பொறுப்பையே ஏற்று, மொகலாயப் பேரரசை எதிர்த்து நின்று 1626ஆம் ஆண்டில் மறைந்த மாலிக் அம்பரை நீங்கள் படித்திருப்பீர்கள். நம் சோழமண்டலக் கரைக்கும் இத்தொடர்பு புதியதன்று. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே மோதிக்கொண்ட போர்களில் ஆப்பிரிக்க வீரர் இரு தரப்பிலும் இருந்தனர். 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படையிலும் அவர்கள் வந்தனர். அவர்களைக் குறித்துத் தமிழில் வழங்கிய 'காப்பிரி' என்னும் சொல் பழைய அகராதிகளில் உள்ளது. இன்று அது மதிப்பான சொல் அன்று. ஆயினும் அம்மனிதர்கள் நம் மண்ணில் நடந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

முபாரக் 1820ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய தான்சானியாவும் மொசாம்பிக்கும் சந்திக்கும் பகுதியில், யாவோ என்னும் இனத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் வரலாற்றில் பதிவாகவில்லை. தம் இளமைக் கதையை அவரே ஸ்பீக்கிடம் சொல்ல, ஸ்பீக் அதை எழுதி அச்சிட்டார். அக்கதை இது. ஒரு பஞ்ச காலத்தில் ஊரார் கடற்கரை வணிகரிடம் துணியும் மணியும் கடனாக வாங்கியிருந்தனர். முபாரக்குக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, வாளும் துப்பாக்கியும் ஏந்திய வணிகர் கூட்டம் ஒன்று திடீரென்று வந்து ஊரை வளைத்துக் கொண்டது. பழைய கடனை அந்தக் கணமே தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் விளைவு வேறு என்றது. ஊரில் எல்லாரும் கடனாளிகள். யாருக்கு யார் கைகொடுப்பது? மக்கள் சிதறி ஓடினர். ஓட முடியாதவர்கள் பிடிபட்டனர். பிடிபட்ட சிறுவன் கட்டுண்டு கில்வாத் துறைமுகத்திற்கு நடந்தான். அங்கிருந்து சான்சிபார் தீவின் அடிமைச் சந்தைக்குப் படகில் சென்றான். அங்கே ஓர் அரபு வணிகர் அவனை விலைக்கு வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

இக்கதையில் இடியோசை இல்லை, போர் முழக்கம் இல்லை. பஞ்சத்தில் வாங்கிய கடன் ஒன்றே ஓர் ஊரை அழித்தது. பசியும் கடனும் சேர்ந்தால் மனிதன் என்ன ஆவான் என்பது நம் பகுதிக்கும் தெரியாதது அன்று. வள்ளலார் வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டியது 1867இல். முபாரக்கின் ஊரில் அப்படி ஓர் அடுப்பு எரிந்திருந்தால் அவர் கதை எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இந்தியாவில், பெரும்பாலும் குசராத்துப் பகுதியில், அவர் பல ஆண்டுகள் அந்த முதலாளியிடம் உழைத்தார். இந்துஸ்தானி அவர் நாவில் படிந்தது அப்போதுதான். முதலாளி இறந்தபோது விடுதலை பெற்றார். சொந்த ஊருக்கு அவர் போகவில்லை. போவதற்கு ஊர் இருக்கவும் இல்லை. சான்சிபார் சென்று, அத்தீவை ஆண்ட சுல்தானின் படையில் சேர்ந்தார். பங்கானி ஆற்றுக்கு அருகில் சோக்வே என்ற காவற்கோட்டையில், பலூச்சி வீரர்களோடு அரைவயிற்றுச் சோற்றுக்கு நாள்களைக் கழித்து வந்தார். வேலையும் இல்லை, கூலியும் ஒழுங்காக இல்லை.

அந்தக் கோட்டைக்கு 1857ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு ஆங்கிலேயர் வந்தனர். ஒருவர் ரிச்சர்டு பர்ட்டன். மற்றவர் ஜான் ஹானிங் ஸ்பீக். இருவரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியப் படைகளில் அதிகாரிகள். பர்ட்டன் பம்பாய்ப் படையைச் சேர்ந்தவர், பன்மொழி வல்லுநர். ஸ்பீக் வங்காளப் படையைச் சேர்ந்தவர். வேட்டையில் வல்லவர், மொழியில் எளியவர். அரபு மொழி அவருக்குத் தெரியாது, சுவாகிலியும் தெரியாது. சிப்பாய்களிடம் பேசிப் பழகிய இந்துஸ்தானி ஒன்றுதான் கைவசம். அயல்நாட்டில் வாயடைத்து நின்ற அவருக்கு முபாரக் கிடைத்தது புதையல் கிடைத்தது போல ஆயிற்று. பர்ட்டனும் அவரைக் குழுவின் மணி என்று புகழ்ந்திருக்கிறார். முபாரக் தயங்கினார். அவருக்கு இருந்த கடன்களைத் தாங்கள் அடைத்து, இணங்கச் செய்து, படையிலிருந்து விடுவித்து அழைத்துக் கொண்டதாகப் பர்ட்டன் எழுதுகிறார். கவனியுங்கள்: கடன் அவரை ஒருமுறை அடிமைச் சந்தைக்கு அனுப்பியது, மறுமுறை கண்டத்தின் நடுவுக்கு அனுப்பியது.

அக்காலப் பயணக்குழு என்பதை நீங்கள் இரண்டு வெள்ளையரும் ஒரு திசைகாட்டியும் என்று கற்பனை செய்துவிடக் கூடாது. அது ஒரு நகரும் ஊர். கிழக்காப்பிரிக்காவின் உள்நாட்டில் நாணயம் செல்லாது. துணி, கண்ணாடி மணி, பித்தளைக் கம்பி ஆகியவையே பணம். அவற்றையெல்லாம் சுமையாகக் கட்டிச் சுமப்போர் தோளில் ஏற்ற வேண்டும். துணியில் ஒருவகை, நம் குசராத்துக் கரையிலிருந்து போன அவுரி தோய்த்த நீலத் துணி. (நம் புதுச்சேரியில் நெய்து சாயமிட்ட நீலத் துணியும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், செனகலில், இப்படியே பணம்போலச் செலாவணியானது.) சான்சிபாரில் சுங்கம் வசூலித்தவர் லதா டாம்ஜி என்ற கச்சு வணிகர். பர்ட்டனின் பணியாளர் இருவர் கோவாக்காரர். இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளும் அந்தக் குழுவில் கூடி நடந்தன என்றால் மிகையாகாது.

குழு 1857 சூனில் புறப்பட்டது. 1858 பிப்ரவரி 13ஆம் நாள் தங்கனீக்கா ஏரியை அடைந்தபோது பர்ட்டனால் நடக்க முடியவில்லை; ஸ்பீக்குக்குக் கண்ணோய், பார்வை மங்கியிருந்தது. பெரும்பயணம் செய்து வந்த ஏரியை அவரால் தெளிவாகக் காணவும் இயலவில்லை! காண்பதற்குப் பிறர் கண்ணும், கேட்பதற்குப் பிறர் செவியும் தேவைப்பட்டன.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தங்கனீக்காவின் வடகோடியில் உருசீசி என்ற ஆறு உண்டு. அது ஏரியிலிருந்து வெளியே பாய்ந்தால், அதுவே நைல் ஆற்றின் தலைப்பாக இருக்கலாம். ஏரிக்குள் வந்து விழுந்தால் அந்த எண்ணம் பாழ். ஓர் அரபு வணிகரிடம் விசாரித்துவிட்டு வந்த ஸ்பீக், அது வெளியே பாய்கிறது என்றார். பர்ட்டன் உள்ளம் பூரித்தது. பிறகு வடக்கே உவீரா என்னும் இடத்திற்குப் படகில் சென்றபோது, உள்ளூர்த் தலைவரின் மக்கள் அது உள்ளே வருகிறது என்று ஒரே குரலில் சொல்லிவிட்டனர். ஸ்பீக் தவறாகப் புரிந்து கொண்டார், அரபு வணிகர் சொன்னது வேறு என்று பம்பாய் அப்போது தம்மிடம் கூறியதாகப் பர்ட்டன் குறித்து வைத்தார். போகிறது என்பதா, வருகிறது என்பதா? ஒரே ஒரு வினைச்சொல்! நைல் ஆற்றின் பிறப்பிடம் என்ற பெரிய புதிர் அந்த ஒரு சொல்லில் தொங்கிற்று. அச்சொல்லைத் தம் நாவில் தாங்கி நின்றவர் பம்பாய். பின்னர் 1871இல் லிவிங்ஸ்டனும் ஸ்டான்லியும் நேரே போய்ப் பார்த்து, ஆறு ஏரிக்குள்தான் பாய்கிறது என்று உறுதி செய்தனர்.

அதே ஆண்டு சூலையில், பர்ட்டன் நோயுற்றுக் கசே என்ற ஊரில், இன்றைய தபோராவில், தங்கிவிட, ஸ்பீக் பம்பாயையும் சிறு குழுவையும் அழைத்துக் கொண்டு வடக்கே நடந்தார். ஆகஸ்டு 3ஆம் நாள், இன்றைய முவான்சா நகரத்தருகே ஒரு மேட்டில் ஏறியபோது கண்ணுக்கெட்டிய தூரம் நீர் விரிந்து கிடந்தது. ஏறத்தாழ 68,000 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புள்ள ஏரியில் அவர் கண்டது ஒரு மூலை. இதன் மறுகரை எவ்வளவு தூரம் என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டார். அவர் வடக்கு நோக்கித் தலையை அசைத்து, கையை முன்னே வீசி, விரல்களைச் சொடுக்கிக் கொண்டேயிருந்தார். உலகத்தின் முடிவு வரையில் இருக்கும் என்பது அவர் கருத்து. கரையில் வாழ்ந்தோர் அதை நியான்சா என்றனர். வடகரையில் புகாண்டா மக்கள் நாலுபாலே என்றனர். ஸ்பீக் தம் அரசியின் பெயரைச் சூட்டினார்.

கசேக்குத் திரும்பி, நைலின் பிறப்பிடத்தைக் கண்டேன் என்று சொன்ன ஸ்பீக்கைப் பர்ட்டன் நம்பவில்லை. அவர் காட்டிய காரணத்தைக் கேளுங்கள். ஸ்பீக்கின் இந்துஸ்தானி கொச்சையானது. அதைப் பம்பாய் தவறாகப் புரிந்து, சுவாகிலியில் தவறாகச் சொல்லியிருப்பார். அதைக் கேட்ட வேறொருவர் வட்டார மொழியில் மாற்றியிருப்பார். இப்படிப் பல வாய் மாறி வந்த செய்தியை எப்படி ஏற்பது என்பது அவர் வாதம். பொறாமை கலந்த வாதம் என்றாலும், அதில் ஓர் உண்மை இருக்கிறது. கண்டுபிடிப்பு என்று நாம் சொல்வது, மூன்று நான்கு மனிதர்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொண்டதன் முடிவு என்பதைப் பர்ட்டன் தம்மையறியாமல் ஒப்புக்கொண்டு விட்டார். ஸ்பீக் சொன்னது சரி என்று பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே, பம்பாயின் மொழிபெயர்ப்பும் அவ்வளவு மோசமில்லை என்று நான் தீர்ப்புச் சொல்வேன்.

1860இல் ஸ்பீக் கிராண்ட் என்பவருடன் மீண்டும் வந்தார். பம்பாய் மீண்டும் சேர்ந்தார். இம்முறை புகாண்டா அரசர் முத்தேசாவின் அவையில் பேச வேண்டியிருந்தது. ஸ்பீக் பம்பாயிடம் இந்துஸ்தானியில் சொல்வார். பம்பாய் சுவாகிலியில் சொல்வார். அரசவையைச் சேர்ந்தவர் அதை அரசரின் மொழியில் சொல்வார். விடை அதே படிகளில் இறங்கி வரும். அரசர் பொறுமையிழந்தால் இடையில் நிற்பவர்க்கே முதல் ஆபத்து. 1862 சூலை 28ஆம் நாள், ஏரியிலிருந்து நைல் வெளியேறும் அருவியை ஸ்பீக் அடைந்தார். அதன்பின் பம்பாய் குழுவுக்கு முன்னே வடதிசை சென்று, அங்கிருந்த வணிகர் முகாமைக் கண்டு செய்தி கொண்டுவந்தார். பலர் வழியில் ஓடிப்போயினர். எஞ்சிய சிலர் பம்பாயின் தலைமையில் நைல் வழியே 1863இல் கெய்ரோ சேர்ந்தனர். அங்கே அவர்களை நிறுத்தி ஒரு நிழற்படம் எடுத்தார்கள். பின்னர் ஸ்பீக் இங்கிலாந்து சென்று வரவேற்புப் பெற்றார். பம்பாய் கப்பலேறிச் சான்சிபார் திரும்பினார். அரச புவியியல் கழகம் அவருக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் அனுப்பியது.

பதக்கத்தோடு வேறொன்றும் அவருக்குக் கிடைத்திருந்தது. 1871இல் லிவிங்ஸ்டனைத் தேடிப் புறப்பட்ட ஸ்டான்லி பம்பாயைக் காவற்படைத் தலைவராக அமர்த்தினார். அவர் வாயில் முன்பற்கள் சில இல்லாததை ஸ்டான்லி குறிப்பிடுகிறார். புகாண்டாவில் ஸ்பீக்கின் கைம்முட்டி விழுந்த இடம் அது. எந்த மனிதரின் நாவை நம்பி ஒரு கண்டத்தைக் கடந்தாரோ, அவர் வாயிலேயே குத்தினார் ஸ்பீக். ஸ்டான்லியும் சளைத்தவர் அல்லர். தாம் பம்பாயை அடித்ததைத் தாமே பெருமையோடு எழுதியிருக்கிறார். இவற்றைப் படித்தபோது எனக்குப் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றிற்று. ஆனாலும், அடித்தவர்கள் எழுதி வைத்ததனால்தான் நமக்குத் தெரிகிறது. அடிபட்டவர் தம் கையால் ஒருவரியும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் அவருடைய முதலாளிகள் வாயிலாகவே அறிந்தது. சோம்பல், குடி என்று அவர்கள் சொல்லும் குறைகளையும் அந்த அளவுக்கே எடுத்துக் கொள்ள வேண்டும். அவ்வளவு குறையுள்ளவரை ஒருவர் பின் ஒருவராக ஏன் தேடிவந்து அமர்த்தினார்கள்?

நான்காம் முறை அவரை அமர்த்தியவர் கேமரன் என்ற கடற்படை அதிகாரி. 1873இல் அக்குழு தபோராவில் தங்கியிருந்தபோது, எதிர்த் திசையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் உள்நாட்டில் இறந்த லிவிங்ஸ்டனின் உடலை உப்பிட்டு உலர்த்தி, மரப்பட்டையில் பொதிந்து, கடற்கரைக்குச் சுமந்து செல்லும் கூட்டம் அது. இங்கேயே அடக்கம் செய்துவிடலாமே என்றார் கேமரன். அவர்கள் மறுத்துவிட்டனர். அக்கூட்டத்தின் தலைவர்கள் சூசி, சூமா என்னும் இருவர். சூமா, பம்பாயைப் போலவே யாவோ இனத்தவர். அடிமைக் கூட்டத்திலிருந்து மீட்கப்பட்டு, லிவிங்ஸ்டனால் 1864இல் பம்பாய் நகருக்கு அழைத்து வரப்பட்டு, அங்கே பள்ளியில் படித்தவர். இறுதி வழிபாட்டை நடத்தி, கல்லறை மரத்தில் பெயர் பொறித்த யாக்கோபு வெயின்ரைட், நம் நாசிக்கை அடுத்த சரண்பூரில், மீட்கப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கென நடந்த மிஷன் நிலையத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். நடு ஆப்பிரிக்காவின் ஓர் ஊரில், இந்திய மண்ணை மிதித்து மீண்ட இத்தனை பேர் ஒரே சமயத்தில் கூடியிருந்தனர்! 1874 ஏப்ரல் 18ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் லிவிங்ஸ்டன் அடக்கமானபோது, பெட்டியைத் தாங்கியோர் வரிசையில் நாசிக் மாணவர் வெயின்ரைட்டும் நின்றார்.

கேமரனோடு பம்பாய் மேற்கே நடந்து, 1875 நவம்பரில் அட்லாண்டிக் கடலைக் கண்டார். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரையில் நடு ஆப்பிரிக்காவைக் கடந்த முதல் ஐரோப்பியர் கேமரன் என்று நூல்கள் கூறும். உடன் நடந்த பம்பாய்க்கு அப்போது வயது ஐம்பத்தைந்து இருக்கும். அவர் தம் வாழ்நாளில் பெரும்பாலும் கால்நடையாகவே ஏறத்தாழ 9,600 கிலோமீட்டர் பயணம் செய்தவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1876இல் அரச புவியியல் கழகம் அவருக்கு ஓய்வூதியம் அளித்தது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் கதையைச் சொல்லும்போது, தம் நிலத்தில் கிணறு தோண்டிக் கரியைக் கண்ட ஜம்புலிங்க முதலியாரின் பெயரை நாம் விடாமல் சொல்கிறோம். பொறியாளர்களும் எந்திரங்களும் பிறகு வந்தவை என்பது இங்குள்ள சிறுவனுக்கும் தெரியும். இலண்டன் கென்சிங்டன் பூங்காவில் ஸ்பீக்குக்கு ஒரு கற்றூண் நிற்கிறது. அதில் ஏரியின் பெயரும் நைலின் பெயரும் 1864 என்ற ஆண்டும் உள்ளன. பம்பாயின் பெயர் இல்லை. 2009ஆம் ஆண்டில் அரச புவியியல் கழகம், பயணங்களில் மறைந்து நின்ற உள்நாட்டு மாந்தரைப் பற்றிக் கண்காட்சி ஒன்று நடத்தியபோது அவருடைய படத்தையும் வைத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பம்பாயை வீரத் திருவுருவாக்கி உங்கள் முன் நிறுத்த நான் வரவில்லை. அவர் வழிகாட்டிய பாதைகளில் பின்னால் என்ன வந்தது என்பதும் வரலாறே. 1884ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவைப் பற்றி விதிகள் வகுத்தன. 1885 பிப்ரவரியில், சான்சிபாருக்கு எதிரே உள்ள பெருநிலத்தில், செர்மனி தன் குடியேற்றக் கழகம் ஒன்றுக்குப் பட்டயம் வழங்கியது. பம்பாய் முதன்முதல் பர்ட்டனுடன் சுமையெடுத்து நடந்த நிலமும் அதன்பின் சில ஆண்டுகளில் செர்மானியர் ஆட்சிக்குள் வந்தது. அதே 1885ஆம் ஆண்டில் சீதி முபாரக் பம்பாய் காலமானார்.

வினாக் கேட்ட மாணவனுக்கு நான் விடை சொன்னபோது அவன் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டிருந்தான். தாழ்வாரத்தில் நிறுத்தி, "இந்துஸ்தானியில் கேட்டாராம், தம்பி" என்றேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "கேட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, ஐயா, சொன்னவர் பெயர்?" என்றான். அன்று மாலை வகுப்புக் கரும்பலகையில், ஸ்பீக் என்ற பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவிட்டு வந்தேன்.